இலண்டனின் கழிவுநீர்க் கோயில்

இலண்டன் மாநகரின் கிழக்கே, ஸ்ராட்போர்ட் என்னும் பகுதிக்கு அண்மையில், லீ நதியின் கிளையொன்றின் அருகே விந்தையான கட்டடம் ஒன்று நிற்கின்றது. சிலுவை வடிவான அமைப்பு. பல நிறச் செங்கற்களால் எழுந்த சுவர்கள். வளைந்த நெற்றியையுடைய சாளர வரிசைகள். நடுவே வானை நோக்கி உயரும் எண்கோண மாடம். வழிப்போக்கன் ஒருவன் அதனைக் கண்டால், கீழைத் தேசத்துப் பழைய கிறித்தவ ஆலயம் ஒன்றே இடம் பெயர்ந்து வந்துவிட்டதோ என்று ஐயுறுவான். ஆயின் அங்கே வழிபாடு எதுவும் நடப்பதில்லை. அது கழிவுநீரை ஏற்றும் நிலையம். அபி மில்ஸ் என்பது அதன் பெயர். 'கழிவுநீர்க் கோயில்' என்று அதனைப் பாதி நகைப்போடும் பாதி மதிப்போடும் அழைப்பது அந்நகரத்தார் வழக்கம்.

'மடத்து ஆலைகள்' என்பதே அப்பெயரின் பொருள். 1135ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற துறவியர் மடம் ஒன்றுக்கு உரித்தான நீராலைகள் முற்காலத்தில் அவ்விடத்தில் இருந்தன. மடமும் மறைந்தது, ஆலைகளும் மறைந்தன, பெயர் மட்டும் எஞ்சியது. இன்றுள்ள கட்டடம் 1865ஆம் ஆண்டுக்கும் 1868ஆம் ஆண்டுக்கும் இடையில், விக்ரோறியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அது தன் பணியை முற்றாக விட்டுவிடவில்லை. அது ஏன் எழுந்தது, எழுவதற்குச் சற்றுக் காலம் தாழ்த்தியதால் விளைந்த துன்பம் எத்தகையது என்பவற்றை அறிவது, நகர வாழ்வை மேற்கொண்ட எந்த மக்களுக்கும் பயன் தருவதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது இலண்டனில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அத்தொகை 23 இலட்சத்துக்கு மேற்பட்டது. ஐம்பது ஆண்டுகளுள் ஊர் இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. அதன் கழிவுகளை அகற்றும் வழி மட்டும் பழையபடியே இருந்தது. வீடுதோறும் மலக்குழி ஒன்று இருக்கும். குழி நிறைந்ததும், இரவு வேளையில் தொழிலாளர் வந்து அள்ளிச் சென்று, ஊர்ப்புறத்து விவசாயிகளுக்கு எருவாக விற்பர். நிலத்தடியில் நீர் செல்லும் வழியைப் பழந்தமிழர் சுருங்கை என்றனர். அத்தகைய சுருங்கைகள் இலண்டனிலும் இருந்தன. ஆயினும் அவை மழைநீர் வடிவதற்கென ஏற்பட்டவை. 1815ஆம் ஆண்டு வரையில் வீட்டு மலக்கழிவை அவற்றுள் விடுவதைச் சட்டம் தடுத்தது.

நீரூற்றிக் கழுவும் மலசலகூடம் பரவத் தொடங்கியதும் இப்பழைய ஒழுங்கு குலைந்தது. அது வீட்டுக்குத் தூய்மை தந்தது. ஆனால் குழிகளை நீரால் நிரப்பி வழியச் செய்தது. ஊர் விரிந்து வயல்கள் தொலைவிற் போய்விடவே, எருவை அள்ளிச் செல்வோருக்கும் ஊதியம் குறைந்தது. ஈற்றில், 1840களின் பிற்பகுதியில், மலக்குழிகளை மூடிவிட்டு வீட்டுக் குழாய்களைச் சுருங்கைகளோடு இணைக்குமாறு அதிகாரிகளே கட்டளையிட்டனர். சுருங்கைகள் யாவும் தேம்ஸ் நதியிற் போய் விழுந்தன. முன்னர் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடந்த அழுக்கு இப்போது ஒரே நதியில் திரண்டது. அந்நதியோ கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது. ஆதலால் வற்றத்தில் இறங்கிய அழுக்கு, ஏற்றத்தில் மீண்டும் நகருக்குள் ஏறியது. அதே நதியின் நீரைத்தான் மக்களுட் பலர் அருந்தியும் வந்தனர்.

இவ்வாறு செய்தோர் தீய நோக்கமுடையோர் அல்லர். அக்காலத்து அறிஞரிற் பெரும்பாலோர், நோய்கள் துர்நாற்றம் நிறைந்த காற்றினாலேயே பரவுகின்றன என்று உறுதியாக நம்பினர். பொதுச் சுகாதாரத்துக்காக ஓயாது உழைத்த எட்வின் சட்விக் என்பவரும் அக்கொள்கையினரே. வீட்டருகே நாற்றம் இல்லாமற் செய்துவிட்டால் நோயும் இல்லாமற் போகும் என்பது அவர் துணிபு. நாற்றம் வீட்டை விட்டு நீங்கியது. நஞ்சு குடிநீரிற் புகுந்தது.

வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் 1831ஆம் ஆண்டில் முதன்முறையாக இங்கிலாந்தை எட்டியது. 1848ஆம், 1849ஆம் ஆண்டுகளில் மீண்டும் தலைகாட்டியபோது இலண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டனர். 1853ஆம், 1854ஆம் ஆண்டுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வேளையில் ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் ஒருவர், இந்நோய் காற்றினால் அன்று, அழுக்குக் கலந்த குடிநீரினாலேயே பரவுகின்றது என்று எடுத்துரைத்தார். சோஹோப் பகுதியில் ஒரு தெருவின் நீரிறைக்கும் குழாயைச் சூழ்ந்தே மரணங்கள் நிகழ்ந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1854ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி அக்குழாயின் கைபிடி கழற்றப்பட்டது. ஆயினும் அவர் கொள்கையை ஏற்றோர் மிகச் சிலரே.

மறு ஆண்டில், விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே படகில் தேம்ஸ் நதியைக் கடந்து சென்றார். வெள்ளை அட்டைத் துண்டுகளை நீரில் நனைத்து இட்டுப் பார்த்தபோது, ஓர் அங்குல ஆழம் இறங்குமுன்னரே அவை கண்ணுக்கு மறைந்தன என்று அவர் பத்திரிகைக்கு எழுதினார். நதியின் நிலை அதுவாக இருந்தது. ஆனால் பரிகாரம் காணப் பொறுப்பேற்றவர்களோ திட்டங்களைப் பற்றி வாதிட்டுக்கொண்டே காலத்தைப் போக்கினர்.

அவ்வாதத்துக்கு முடிவு கட்டியது 1858ஆம் ஆண்டின் கோடைகாலம். சூன் மாதத்து வெயிலில் நதி புழுங்கியது. நாற்றம் நகரை வளைத்துக்கொண்டது. 'பெருநாற்றம்' என்னும் பெயராலேயே வரலாறு அதனை அறியும். பாராளுமன்றம் நதிக்கரையிலேயே அமைந்திருந்தது. சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயன் விளையவில்லை. உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினர். ஏழைகள் மாண்டபோது அசையாத சபை, தன் மூக்கிலே நாற்றம் ஏறியதும் அசைந்தது. சூலை 15ஆம் திகதி நிதியமைச்சர் டிஸ்ரேலி மசோதாவைக் கொணர்ந்தார். ஆகஸ்ட் 2ஆம் திகதி அது சட்டமாயிற்று. மாநகர வேலைச் சபை முப்பது இலட்சம் பவுண் கடன் பெறுவதற்கு அதிகாரம் கிடைத்தது. நீரே நோய்க்குக் காரணம் என்று உரைத்த ஸ்னோ, அந்நாற்றம் நகரெங்கும் வீசிக்கொண்டிருந்த சூன் 16ஆம் திகதியன்று, தமது நாற்பத்தைந்தாவது வயதிற் காலமானார்.

சபையின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற். 1819ஆம் ஆண்டிற் பிறந்த அவர், பிரான்சிலிருந்து குடியேறியவர் ஒருவரின் பேரர், உடல் மெலிந்தவர், உழைப்பில் ஓயாதவர். அவருடைய திட்டத்தின் சாரம் எளியது. நதியை நோக்கி வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஓடும் பழைய சுருங்கைகளை, நதிக்குச் செல்லுமுன் குறுக்கே மறித்து, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருஞ்சுருங்கைகளுள் திருப்பிவிட வேண்டும். அவை நகருக்குக் கிழக்கே பல மைல் கடந்து, வடகரையிற் பெக்டனிலும் தென்கரையிற் கிறொஸ்நெஸ்ஸிலும் கழிவைக் கொண்டு சேர்க்க வேண்டும். அங்கே பெருந்தொட்டிகளிற் சேர்த்துவைத்து, வற்றத்தின் போது மட்டும் நதியிற் கலக்கவிட்டால், அது கடலை நோக்கிச் சென்றுவிடும். இதற்கென 82 மைல் நீளமான பெருஞ்சுருங்கைகளும், அவற்றோடு இணையும் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தெருச் சுருங்கைகளும் அமைந்தன. முப்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் செலவாயின. நீரில் நனைந்தே கிடக்க வேண்டிய அவ்வேலைக்குப் போட்லன்ட் சீமெந்து ஏற்றதெனத் தெளிந்து, பரிசோதித்துத் தேறியதை மட்டுமே பயன்படுத்துமாறு பசல்ஜெற் கட்டளையிட்டார். அக்காலத்தில் பெருவேலைகளுக்கு அச்சீமெந்தை நம்பியவர் சிலரே.

இச்சுருங்கைகளில் நீரை ஓட்டுவது நிலத்தின் சரிவே. மைலுக்கு இரண்டடிச் சரிவு கொடுத்தால் கழிவு தானாகவே நகரும், செலவில்லை, இயந்திரமில்லை. வடகரையில் உயர்நிலத்துக்கு ஒன்றும், இடைநிலத்துக்கு ஒன்றும், தாழ்நிலத்துக்கு ஒன்றுமாக மூன்று சுருங்கைகள் வகுக்கப்பட்டன. முதலிரண்டும் சரிவினாலேயே கிழக்கு நோக்கி ஓடிவிட்டன. மூன்றாவதுதான் சிக்கலை விளைத்தது. நதியோரத் தாழ்நிலத்தின் கழிவைச் சுமந்து மைல் மைலாக இறங்கிவரும் அச்சுருங்கை, லீ நதியை அடையும்போது மற்றையவற்றுக்கு வெகு கீழே கிடந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 36 அடி உயரத்துக்கு அக்கழிவைத் தூக்கிவிட்டாலன்றி, அது பெக்டனுக்குச் செல்லும் பெருவழியிற் சேராது. தூக்கிவிடும் பணிக்காகவே அபி மில்ஸ் நிலையம் எண்ணப்பட்டது.

இவ்விடத்தில் வரலாறு ஒரு கசப்பான பாடத்தைப் புகட்டுகின்றது. மேட்டுநிலத்துக்குரிய வேலை எளிது. ஆதலால் அது முதலில் முடிந்தது. தென்கரையிற் கிறொஸ்நெஸ் நிலையத்தை 1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் கோலாகலமாகத் திறந்துவைத்தார். இலண்டனின் பெரும்பகுதி தன் கழிவை நீக்கிக்கொண்டது. தாழ்நிலத்துச் சுருங்கையோ, கிழக்குப் பகுதியிற் கட்டி முடிந்திருந்தும், அதன் நீரைத் தூக்க இயந்திரம் இல்லாமையால் பயனின்றிக் கிடந்தது. கப்பற்றுறைத் தொழிலாளரும் நெசவாளரும் நெருங்கி வாழ்ந்த கிழக்கு இலண்டனின் கழிவு, முன்போலவே அண்மையில் உள்ள நதிகளிற் கலந்துவந்தது.

1866ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில், புறொம்லி என்னும் இடத்தில் ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் ஒரே நாளில் வாந்திபேதியால் மாண்டனர். அவர்கள் வீட்டு மலசலகூடத்தின் கழிவு லீ நதியில் விழுந்தது. அங்கிருந்து அரை மைல் அளவில், கிழக்கு இலண்டன் நீர்க் கம்பனியின் நீர்த்தேக்கங்கள் இருந்தன. குடிநீரை வடிகட்டியே வழங்க வேண்டும், நகரை அண்டிய தேக்கங்களை மூடியே வைக்க வேண்டும் என்று 1852ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்திருந்தது. எனினும் மூடாத தேக்கமொன்றின் நீர் அப்பகுதியின் குழாய்களிற் புகுந்தது. சூலையிலும் ஆகஸ்டிலும் கிழக்கு இலண்டனின் வீதிகளில் மரணம் தாண்டவமாடியது. அவ்வாண்டில் இலண்டனில் இந்நோய்க்குப் பலியானோர் 5,500க்கு மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பாலோர் அந்த ஒரு பகுதியினரே. புதிய சுருங்கைகள் தொழிற்பட்ட ஏனைய பகுதிகளில் நோய் பரவவில்லை.

பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் மரணக் கணக்குகளை ஆராய்ந்தவர் வில்லியம் ஃபார். அவரும் ஒருகால் நாற்றக் கொள்கையை நம்பியவரே. ஆயின் நோய் எந்தெந்த வீதிகளில் தோன்றியது என்று அவர் பார்த்தபோது, அந்த எல்லை ஒரே கம்பனியின் நீர் செல்லும் எல்லையோடு பொருந்தக் கண்டார். வடிகட்டாத நீர் ஒரு துளியும் வழங்கவில்லை என்று கம்பனியின் பொறியியலாளர் பத்திரிகையில் மறுத்தெழுதினார். அதன் பின்னரோ, கம்பனியின் நீரைப் பெற்ற வீட்டார் தம் குழாய்களில் விலாங்கு மீன்கள் கிடைத்தனவென்று சான்று பகர்ந்தனர். வடிகட்டியினூடாக விலாங்கு வருமா? எட்டாண்டுகளுக்கு முன் மாண்ட ஸ்னோவின் சொல் அப்போதுதான் நிலைபெற்றது.

ஃபார் பசல்ஜெற்றுக்கு எழுதி வினவினார். நோய் தாக்கியிருப்பது தமது வேலை முடிவுறாத அதே பகுதியைத்தான் என்றும், சுருங்கை கட்டி முடிந்தபோதிலும் அபி மில்ஸ் நிலையம் மறு ஆண்டுக் கோடைக்கு முன் நிறைவெய்தாது என்றும், இடைக்காலத்துக்குத் தற்காலிக நீரேற்றும் பொறிகளை அமைக்குமாறு சபைக்குப் பரிந்துரைக்கப்போவதாகவும் பசல்ஜெற் விடையிறுத்தார். அத்தற்காலிக ஏற்பாட்டைச் சில வாரங்களிற் செய்து முடிக்கலாம் என்பதும் அவ்விடையில் இருந்தது. சில வாரங்களிற் செய்யத்தக்க காரியம், மக்கள் மாண்ட பின்னரே நினைவுக்கு வந்தது. பசல்ஜெற் கடமை தவறியவர் என்று வரலாறு கூறாது. அக்காலத்தில் அவரினும் கடுமையாக உழைத்தவர் அரியர். குற்றத்தின் பெரும்பங்கு நீரை விற்றவர்களையே சாரும். எனினும் மிகத் தாழ்ந்த நிலத்துக்குரிய வேலையே இறுதிக்கு விடப்பட்டது என்பதும், இறுதியில் நின்றவர்கள் ஏழைகளாயிருந்தனர் என்பதும் மறுக்கவொண்ணாதவை.

1868ஆம் ஆண்டில் அபி மில்ஸ் இயங்கத் தொடங்கியது. பசல்ஜெற்றோடு எட்மண்ட் கூப்பரும், கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் டிறைவரும் அதனை வரைந்தனர். சிலுவையின் ஒவ்வொரு கைக்கும் இரண்டாக எட்டு நீராவி இயந்திரங்கள் உள்ளே நின்றன. கொதிகலத்தின் நீராவி ஆடுதண்டை உந்த, மேலே மரத்தராசின் துலாப்போல் நடுவிற் பொருந்திய இரும்பு உத்திரம் ஏறியிறங்க, அவ்வசைவு பம்புகளைச் செலுத்தி, கீழே கிடந்த கழிவை மேற்சுருங்கைக்கு ஏற்றியது. கரிப்புகையைப் போக்க, 200 அடிக்கு மேல் உயர்ந்த இரு புகைபோக்கிகள், மூரியர் பள்ளிவாசற் கோபுரங்களை ஒத்த அழகோடு இருமருங்கும் எழுந்தன. உள்ளே வார்ப்பிரும்புத் தூண்கள், இலையும் மலரும் செறிந்த வேலைப்பாடு. கழிவை இறைக்கும் இடத்துக்கு இத்துணை அலங்காரம் வேண்டுமோ என்று வினவுவோர் உளர். நகரைக் காக்கும் தொழில் இழிதொழில் அன்று என்பதை அக்கட்டடம் செங்கல்லாலும் இரும்பாலும் எடுத்துரைக்கின்றது என்பதே அதற்குத் தக்க விடை.

அதன் பின் வாந்திபேதி இலண்டனிற் கொள்ளைநோயாகப் பரவியதேயில்லை. 1892ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் அந்நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அத்துறையோடு கப்பற் போக்குவரத்து மிகுந்திருந்த இலண்டனில் அது வேரூன்ற இயலவில்லை. நாற்றத்தை ஒழிக்கவென்று கட்டியவர்கள், தாம் அறியாமலே நோய்க்கிருமியின் வழியை அடைத்துவிட்டனர். பிழையான கொள்கையிலிருந்து சரியான காரியம் விளைந்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

ஆயினும் அக்காரியம் குறையற்றதன்று. கழிவு தூய்மையாக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது, அவ்வளவே. 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி மாலை, 'பிரின்செஸ் அலிஸ்' என்னும் உல்லாசக் கப்பல், கழிவு வெளியேறும் வாய்களுக்கு அண்மையில் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கழிவு திறந்துவிடப்பட்டுச் சிறிது நேரமே கடந்திருந்தது. நீந்தத் தெரிந்தோரையும் அந்நீர் கொன்றது என்று மக்கள் கொதித்தனர். அதன் பின்னர்தான் கழிவிலிருந்து திண்மப் பகுதியைப் பிரிக்கும் ஆலைகள் தோன்றின. பிரித்தெடுத்த சேற்றை 1887ஆம் ஆண்டு முதல் கப்பல்கள் கடலிற் கொண்டுபோய்க் கொட்டின. அவற்றுள் முதற் கப்பலுக்குப் பசல்ஜெற்றின் பெயரையே சூட்டினர். அவ்வழக்கம் 1998ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 'சேர்' பட்டம் பெற்ற பசல்ஜெற், 1891ஆம் ஆண்டிற் காலமானார்.

அபி மில்ஸும் காலத்தோடு மாறியது. 1930களின் தொடக்கத்தில் நீராவி இயந்திரங்கள் அகன்று மின்சாரப் பம்புகள் இடம்பெற்றன. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சில் வீழ்ந்தால் நிலையத்தையே நொறுக்கிவிடுமென அஞ்சி, அழகிய புகைபோக்கிகளை இடித்தனர். அவற்றின் அடிப்பாகங்களை இன்றும் காணலாம். 1997ஆம் ஆண்டில் அருகே புதிய நிலையம் எழுந்து அன்றாடப் பணியை ஏற்றது. பழைய நிலையத்தின் பம்புகளோ, வேண்டும்போது கைகொடுக்கும் துணையாகக் காத்து நிற்கின்றன. பெருமழையில் இளையவனுக்கு இயலாதபோது முதியவன் தோள் கொடுப்பது போன்றது அது.

பெருமழைதான் இன்றைய இலண்டனின் இடர். பசல்ஜெற்றின் சுருங்கைகளில் மழைநீரும் கழிவும் ஒன்றாகவே ஓடுகின்றன. மக்கள் பெருகி, மண்தரை குறைந்துவிட, மழைக்காலத்தில் மிகுதியான கழிவு நதிகளில் வழிந்தது. அவ்வாறு வழிந்த இடங்களுள் மிகப் பெரியது அபி மில்ஸே. இதனைத் தடுக்க, அங்கிருந்து பெக்டனுக்குச் செல்லும் ஏழு கிலோமீற்றர் ஆழ்சுரங்கம் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மேற்கே அக்டனிலிருந்து தேம்ஸ் நதியைத் தொடர்ந்து வந்து அபி மில்ஸில் அதனோடு சேரும் 25 கிலோமீற்றர் பெருஞ்சுரங்கம், 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. அதிலும் கழிவு சரிவினால் கிழக்கே இறங்கி, ஈற்றில் பம்புகளால் மேலே தூக்கப்படுகின்றது. வழி புதிது; முறை பசல்ஜெற் வகுத்ததே.

இலண்டன் நதிக்கரையில் பசல்ஜெற்றுக்குச் சிலையொன்று உண்டு. நதிக்கு விலங்கு பூட்டியவர் என்று அதன்கீழ் இலத்தீன் மொழியிற் பொறித்துள்ளனர். 1866ஆம் ஆண்டிற் கிழக்கு இலண்டனில் மாண்டவர்களை நினைவூட்ட அபி மில்ஸின் பலநிறச் சுவர்களே போதும். உயர்நிலத்தில் வாழ்வோர் தம் வாயிலைச் சுத்தம் செய்துவிட்டதனால் நகரம் சுத்தமாகிவிடுவதில்லை. மிகத் தாழ்ந்த தெருவின் கடைசி வீட்டுக் கழிவும் தூக்கி அகற்றப்படும் நாளே, நகரம் நலம் பெறும் நாளாகும்.